நாலு சீட்டு விமானத்தில் சூடு எங்கிருந்து வருகிறது?

கேள்வி, டிசம்பர் 3

அண்ணே, செஸ்னா 172-இல் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். குளிர் தொடங்கிவிட்டது. கேபின் ஹீட் குமிழை இழுத்தால் காலடியில் சூடான காற்று வருகிறது. இது மின்சார ஹீட்டர்தான் என்று நான் சொல்கிறேன், கூடப் படிக்கிற பையன் இன்ஜின் புகையிலிருந்து வருகிறது என்கிறான். புகையைப் போய் ஆள் உட்காரும் இடத்துக்குள் விடுவார்களா? அப்புறம் இன்னொன்று. முன்னால் எனக்கு வேர்க்கிறது, பின் சீட்டில் இருப்பவருக்குப் பல் தந்தியடிக்கிறது. ஹீட்டர் பழுதா?

டிசம்பர் 3, இரவு 10.20

பழுது இல்லை தம்பி, அந்த விமானம் அப்படித்தான். பின் சீட்டுக் கதையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பையன் சொன்னது: முக்கால்வாசி சரி. சூடு புகையிலிருந்துதான் வருகிறது, ஆனால் புகை உள்ளே வருவதில்லை, வரக் கூடாது.

இன்ஜின் மூடியைக் கழற்றிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால் சைலன்சர் தெரியும். அதைச் சுற்றி மெல்லிய தகட்டில் ஒரு உறை போட்டு ஸ்க்ரூ வைத்து இறுக்கியிருப்பார்கள். சைலன்சருக்கும் உறைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. மூக்கு வழியாக இன்ஜின் அறைக்குள் பாயும் வெளிக்காற்றில் ஒரு பங்கை ஒரு ஹோஸ் பிடித்து இந்த இடைவெளிக்குள் விடுகிறது. அந்தக் காற்று கொதிக்கிற சைலன்சரின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு போய், இன்னொரு ஹோஸ் வழியாக ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) இருக்கும் வால்வுக்கு வருகிறது. நீ இழுக்கும் குமிழின் கேபிள் திறப்பது அந்த வால்வைத்தான். அவ்வளவுதான் ஹீட்டர். விசிறி கிடையாது, பம்ப் கிடையாது, தெர்மோஸ்டாட் கிடையாது. விமானம் முன்னே போகிற வேகமும் புரொப்பெல்லர் தள்ளுகிற காற்றும்தான் எல்லா வேலையையும் செய்கின்றன. சில சைலன்சர்களின் வெளிப்பக்கம் முள்முள்ளாகச் சின்னக் கம்பித் துண்டுகளை வெல்டிங் செய்திருப்பார்கள், காற்று அதிகச் சூட்டைப் பிடித்துக்கொள்ள.

வால்வை மூடினால் அந்தச் சூடான காற்று எங்கே போகும்? பல விமானங்களில் இன்ஜின் அறைக்குள்ளேயே கொட்டிவிடும்படி வழி வைத்திருக்கிறார்கள். உறைக்குள் காற்று தேங்கி நின்றால் ஹோஸ் வெந்துபோகும்.

டிசம்பர் 4, காலை 7.05

மின்சாரம் ஏன் இல்லை என்பதற்குக் கணக்கு போட்டுக் காட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ விட மாட்டாய்.

புதிய 172-இல் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட், 60 ஆம்பியர். பெருக்கினால் 1680 வாட். ரேடியோ, விளக்கு, கருவிகள், பேட்டரி சார்ஜ் எல்லாம் அதற்குள்தான். ஒரு நல்ல இஸ்திரிப் பெட்டியை மாட்டினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். தரையில் 10 டிகிரி இருந்தால், 1000 அடிக்கு 2 டிகிரி வீதம் குறைந்து 8000 அடியில் மைனஸ் 6. கதவு இடுக்கெல்லாம் காற்று நுழைகிற, சுவரில் பெரிதாகக் காப்பு ஏதும் இல்லாத ஒரு கூட்டை அந்தக் குளிரில் மிச்சமிருக்கும் சில நூறு வாட்டில் சூடாக்க முடியாது.

இப்போது இன்னொரு பக்கம் பார். மணிக்கு 30 லிட்டர் அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) எரிக்கிறாய். கிலோவுக்குச் சுமார் 43 மெகாஜூல் என்று வைத்தால் ஏறக்குறைய 260 கிலோவாட் ஆற்றல். அதில் புரொப்பெல்லருக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு. மீதி சிலிண்டர் துடுப்புகள் வழியாகவும் எண்ணெய் வழியாகவும் கொஞ்சம், புகைக்குழாய் வழியாக நிறைய. கோடிக்கணக்கில் செலவழித்தாலும் கிடைக்காத சூடு சும்மா வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஒரு துளியைத் திருப்பிவிட்டால் போதும். எடையும் இல்லை, ஓடுகிற பாகமும் இல்லை. கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு. ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை ராத்திரி எழுதுகிறேன்.

டிசம்பர் 4, காலை 7.20

சேர்த்துக்கொள்: இதனால்தான் இறங்கும்போது கேபின் குளிர்ந்துவிடுகிறது. த்ராட்டிலைக் குறைத்தால் புகையும் குறைகிறது, சூடும் குறைகிறது. உயரத்திலிருந்து நீளமாக இறங்குகிறவர்களுக்கு இது தெரியும். விரல் விறைத்துப்போய் ரேடியோ குமிழைத் திருப்ப முடியாமல் தடவிக்கொண்டிருப்போம். கொஞ்சம் பவர் வைத்துக்கொண்டு மெதுவாக இறங்குவது இன்ஜினுக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

டிசம்பர் 4, இரவு 11.00

அந்தச் சிக்கலுக்கு முன் பின் சீட்டு. நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

172-இல் ஃபயர்வாலுக்குப் பின்னால் காற்று கலக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. சைலன்சரிலிருந்து வரும் சூடான காற்றும், கேபின் ஏர் குமிழை இழுத்தால் வரும் குளிர்ந்த காற்றும் அங்கே கலக்கின்றன. அதிலிருந்து முன் ஆட்களின் பாதத்துக்கு நேராக ஓட்டைகள். கண்ணாடிப் பனி போக்க ஒரு கிளை. பின் சீட்டுக்கு என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் போகிறது, ஆனால் அது எங்கே முடிகிறது தெரியுமா? முன் கதவுத் தூணின் அடியில், தரை மட்டத்தில். பின் சீட்டுக்காரரின் முழங்காலுக்கே அது எட்டாது. அங்கிருந்து சூடு தானாகப் பின்னால் நகர்ந்து போக வேண்டும், போகும் வழியில் கதவு இடுக்கில் வருகிற காற்று அதைத் தின்றுவிடுகிறது.

என் அனுபவத்தில் பலன் தந்தது இது: ஹீட்டை முழுக்க இழுத்துவிட்டு, கேபின் ஏரையும் ஒரு விரல் அகலம் இழுத்துவிடு. காற்று கொஞ்சம் குளிர்ந்தாலும் தள்ளும் வேகம் கூடிப் பின்னால் போய்ச் சேர்கிறது. முன் ஆள் வேர்க்காமல் இருப்பார், பின் ஆள் பேச ஆரம்பிப்பார். மற்றபடி கதவு ரப்பரை மாற்று. ஒரு பழைய 172-இல் ஹீட்டரைப் பற்றி வருடக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தோம். பயணி பக்கக் கதவின் கீழ் மூலையில் ரப்பர் உள்ளங்கை நீளத்துக்குப் பிய்ந்து, வெளிச்சமே தெரிந்தது. புது ரப்பர் ஒட்டியதும் அதே ஹீட்டரைப் பாதி மூடி வைக்க வேண்டியிருந்தது.

என் மனைவி இன்றைக்கும் பின் சீட்டில் போர்வை இல்லாமல் ஏற மாட்டாள். ரப்பர் மாற்றியதைச் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.

டிசம்பர் 6, இரவு 9.30

சரி, சிக்கலுக்கு வருவோம். நீ மூச்சு விடும் காற்றுக்கும் இன்ஜின் புகைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு தகடு. சைலன்சரின் சுவர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ, இன்கோனலோ, மெல்லிய தகடுதான். ஒவ்வொரு முறை ஓடும்போதும் பல நூறு டிகிரிக்குப் போய்விட்டுத் திரும்பக் குளிர்கிறது, விரிகிறது, சுருங்குகிறது, அதோடு ஓயாத அதிர்வு. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்தால் புகை உறைக்குள் நுழைகிறது, உறைக்குள் நுழைந்தது உன் காலடிக்கு வருகிறது.

புகையில் மற்றதெல்லாம் மூக்குக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடு தெரியாது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, தூக்கக் கலக்கம், குமட்டல். குளிர் நாளில் நீண்ட பயணத்தில் இதெல்லாம் யாருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடுவோம். ஹீட்டரைப் போட்டதும் கேபின் இதமாக இருக்கிறது, கண் சொக்குகிறது, அதைச் சுகம் என்றே நினைப்போம். சந்தேகப்பட வேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

உயரம் வேறு சேர்ந்துகொள்கிறது. 8000 அடியில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அதன் மேல் இது. தரையில் இறங்கி வெளிக்காற்றை மூச்சு வாங்கினால் உடனே சரியாகிவிடும் என்று எண்ணாதே; சாதாரணக் காற்றில் ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள்.

டிசம்பர் 6, இரவு 9.45

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறதே, அது போதாதா என்று ஒருவர். போதாது, ஆபத்தும்கூட. சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் மோனாக்சைடு ஏறியதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் சுருண்டுகொண்டிருக்கும்போது 98 என்று காட்டும்.

டிசம்பர் 7, மதியம் 1.10

"ஹீட்டரை மூடிவிட்டால் பயமே இல்லை" என்று எழுதியிருப்பவருக்கு. பயம் குறையும், போகாது. பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வயிற்றுப் பக்கம் வழிந்து போகும் புகையை அது கதவு இடுக்கு, சக்கரக் குழி, வால் பக்கத்து ஓட்டைகள் வழியாக உள்ளே இழுக்கும். ஃபயர்வாலில் கேபிள் நுழையும் துளைகளில் அடைப்பு உதிர்ந்திருந்தால் அந்த வழியும் உண்டு. மூக்கைத் தூக்கி மெதுவாக ஏறும்போது இது அதிகம். அந்த நேரத்தில்தான் மிக்சரும் (இன்ஜினுக்குப் போகும் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை) ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, இருக்கும், ரிச்சாக இருக்கும்போதுதான் புகையில் மோனாக்சைடு மிக அதிகம். லீன் செய்தால், அதாவது பெட்ரோல் பங்கைக் குறைத்தால், பெரிதாகக் குறைந்துவிடும்.

டிசம்பர் 8, இரவு 10.50

இன்று ஹேங்கரில் வருடாந்தரப் பரிசோதனைக்காக பைப்பர் செரோக்கி என்ற சிறு விமானத்தின் சைலன்சர் உறையைக் கழற்றினார்கள், கூட நின்றேன். சொல்லத் தகுந்த சில விஷயங்கள்.

உறையைக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. விரிசல் எப்போதும் உறைக்கு அடியில்தான் இருக்கும், வெளியே தெரிகிற இடத்தில் இருந்தால் யாருக்கும் கவலையே இல்லையே. உறையைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது நிறம். புகை கசிந்த இடத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு தீற்றல் இருக்கும், சில நேரம் கரி படிந்து கறுப்பாக. இன்று கம்பித் துண்டு வெல்டிங் செய்த ஒரு இடத்தின் அடியைச் சுற்றி நகக்கண் அளவுக்கு வெளிறிப்போயிருந்தது. கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை. வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் புகைக்குழாயின் வாயில் வைத்துத் துணியால் அடைத்து, சோப்புத் தண்ணீரைத் தெளித்தார் மெக்கானிக். அந்த வெளிறிய இடத்தில் கடுகு கடுகாக நுரை வந்தது. ஒரு ஓரமாக, அவசரமே இல்லாமல். அடுத்து வந்த பேச்சு புதுச் சைலன்சர் விலை பற்றியது, அதை விடு.

அங்கே இருந்த ஒரு பையன் இடத்தை அடையாளம் வைக்கப் பென்சிலை எடுத்தான், மெக்கானிக் கையைத் தட்டிவிட்டார். பென்சில் கோடு போட்ட இடத்தில், சூடேறும்போது அந்தக் கரி உலோகத்துக்குள் இறங்கி அதையே விரிசல் விடும் கோடாக்கிவிடும். துத்தநாகம் பூசிய பிரஷ்ஷால் தேய்த்தாலும் அப்படித்தான். சாக்பீஸ் வைத்திருந்தார் பையில்.

சைலன்சரின் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளையும் பார்க்கச் சொல். அவை உடைந்து வாயை அடைத்துக்கொண்டால் பிரச்சினை குளிர் இல்லை, இன்ஜின் பவரே போய்விடும்.

1000 மணி நேரம் ஓடிய சைலன்சரை விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடு என்பது என் கருத்து. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ செய்வித்து 2009-இல் வந்த ஆய்வும் அந்த எல்லையைத்தான் சுட்டியது. விலை கசக்கும்தான்.

டிசம்பர் 9, காலை 6.40

"இவ்வளவு பயம் காட்டுவதற்குப் பதில் ஹீட்டரே வேண்டாம், ஸ்வெட்டர் போட்டு ஓட்டுகிறேன்." போட்டுக்கொள், நான் தடுக்கவில்லை. ஆனால் கண்ணாடி? குளிரில் நாலு பேர் மூச்சு விட்டால் உள்பக்கம் பனி படர்ந்து, இறங்கும் நேரத்தில் ஓடுபாதை தெரியாமல் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருப்பாய். ஒரு கையால் துடைத்துக்கொண்டு இறங்கியவர்களை எனக்குத் தெரியும். அழகாக இருக்காது.

ஸ்வெட்டர் இருக்க வேண்டும் என்பது சரி. வேறு காரணத்துக்காக: எங்காவது வயலில் இறங்கிவிட்டால் இன்ஜினும் இல்லை ஹீட்டரும் இல்லை.

டிசம்பர் 11, இரவு 11.30

இரட்டை இன்ஜின் கேள்வி வந்திருக்கிறது. அங்கே கதை வேறு. இன்ஜின்கள் இறக்கையில் இருக்கின்றன, அங்கிருந்து சூட்டைக் குழாய் போட்டு இழுத்து வருவது பெரிய வேலை. அதனால் பைப்பர் செனெகா, செமினோல், பீச் பேரன், செஸ்னா 310 மாதிரி விமானங்களில் தனியாக ஒரு அடுப்பே வைத்துவிட்டார்கள், பெரும்பாலும் மூக்குப் பகுதியில். ஜானிட்ரோல், சவுத்விண்ட் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பாய். விமானத்தின் டாங்கிலிருந்தே அவ்காஸை எடுத்து, ஒரு குழலுக்குள் தெளித்து, ஸ்பார்க் பிளக்கால் பற்றவைத்து, சுழன்று எரியும் தீயாக வைத்திருக்கும். குழலுக்கு வெளியே ஒரு சட்டை; அந்த இடைவெளியில் கேபின் காற்று ஓடுகிறது. புகை தனிக் குழாயில் வயிற்றுக்கு வெளியே. ஆக இங்கேயும் நடுவில் ஒரு தகடுதான், இன்ஜின் புகைக்குப் பதில் நேரடித் தீ.

நல்லது என்னவென்றால் இன்ஜின் பவரைப் பற்றி இதற்குக் கவலை இல்லை. த்ராட்டிலை மூடி இறங்கினாலும் சூடு குறையாது, தரையில் நிற்கும்போதும் விசிறி ஓட்டிச் சூடாக்கலாம். மணிக்குச் சுமார் 2 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், பயணக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

பாதுகாப்புக்கு மூன்று ஸ்விட்ச். எரிவதற்குப் போதிய காற்று வரவில்லையென்றால் பெட்ரோலைத் திறக்காத ஒன்று. குழாய்ச் சூட்டைப் பார்த்துத் தீயை அணைத்து அணைத்துப் பற்றவைக்கும் ஒன்று. அதிகச் சூடானால் மொத்தமாக நிறுத்திவிடும் ஒன்று. அந்த மூன்றாவது தட்டிவிட்டால் ரீசெட் பொத்தான் ஹீட்டரின் மேலேயே இருக்கும், அதாவது மூக்குக்குள். பறக்கும்போது கை எட்டாது. இதைப் பலர் வடிவமைப்புக் குறை என்று திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏதோ காரணமாக ஒரு முறை நின்ற அடுப்பை, எட்டிவிடும் தூரத்தில் பொத்தான் இருந்தால், குளிரில் நாமே நாலு தடவை அழுத்திப் பற்றவைக்கப் பார்ப்போம்.

அணைக்கும்போது ஒரு விதி: செமினோல் கையேட்டின்படி, பறக்கும்போது அணைத்தால் காற்று வழியைக் குறைந்தது 15 விநாடி திறந்து வை, தரையில் என்றால் விசிறியை 2 நிமிடம் ஓட்டு. குழல் குளிராமல் காற்றை நிறுத்தினால் தகடு கோணி, அடுத்த குளிர்காலத்துக்கு விரிசல் தயார். இறங்கினதும் மாஸ்டர் ஸ்விட்சைப் பட்டென்று அணைத்துவிட்டு காபி குடிக்க ஓடுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

டிசம்பர் 12, காலை 7.00

இன்னும் ஒன்று, நேற்று விட்டுப்போனது. கோடை முழுக்கத் தொடாமல் விட்டு, முதல் குளிரில் ஸ்விட்சைப் போட்டால் இந்த அடுப்பு பெரும்பாலும் பற்றாது. நாசிலில் படிவு, பிளக்கில் கரி. மாதம் ஒரு தடவை வெயில் காலத்திலும் கொஞ்ச நேரம் ஓட்டிவிடு. வேர்க்கும், பரவாயில்லை. எரிகுழலுக்குக் காலக்கெடு வைத்து அழுத்தச் சோதனை உண்டு, காற்றை ஏற்றி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் பல மாடல்களுக்கு அது கட்டாய உத்தரவு. சோதனைக்குப் பணம் செலவழிக்க மனமில்லாமல் ஹீட்டரை இணைப்பு நீக்கி "இயங்காது" என்று அட்டை ஒட்டிவைத்த விமானங்களும் உண்டு. சட்டப்படி சரி, பனி படர்ந்த கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் அவ்வளவு சரியில்லை.

டிசம்பர் 12, இரவு 10.10

1985 டிசம்பர் 31-இல் அமெரிக்கப் பாடகர் ரிக்கி நெல்சன் இறந்த டிசி-3 விபத்தைச் சிலர் நினைவுபடுத்தியிருக்கிறார்கள். டெக்சாஸில் டி கால்ப் அருகே, கேபினுக்குள் தீ. பெட்ரோல் ஹீட்டர் தகராறு செய்ததாகவும், அதை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்ததாகவும் விசாரணையில் பேச்சு வந்தது. ஆனால் தீ எதனால் தொடங்கியது என்று அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி அறுதியிட்டுச் சொல்லவில்லை. அதனால் "ஹீட்டர் கொன்றது" என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நேற்று பொத்தானைப் பற்றி எழுதியபோது மனதில் இருந்தது அந்த விபத்துதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 15, மாலை 6.25

டர்போபிராப் (டர்பைன் இன்ஜினால் புரொப்பெல்லர் சுழலும் விமானம்) பற்றி சுருக்கமாக: கேரவன், பிசி-12, கிங் ஏர் எல்லாம் கம்ப்ரசரிலிருந்து காற்றைக் கொஞ்சம் திருடிக்கொள்கின்றன. அமுக்கப்பட்டதாலேயே அந்தக் காற்று கொதிக்கும். தீயைத் தொடுவதற்கு முன்பே எடுப்பதால் மோனாக்சைடு பயம் இல்லை. சீல் கசிந்தால் எண்ணெய் நாற்றம் வரும், அது வேறு தலைவலி. இலவசமும் இல்லை, எடுத்த காற்றுக்கு ஈடாக இன்ஜின் கூடுதல் சூட்டில் ஓடும்.

டயமண்ட் டிஏ42-இன் டீசல் இன்ஜின்கள் தண்ணீரில் குளிர்பவை. அதன் கூலன்ட்டிலிருந்தே கேபின் சூடு, கார் மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்: புகைக்கும் மூச்சுக்காற்றுக்கும் நடுவில் ஒரு தகடு இல்லை, இரண்டு சுவரும் ஒரு திரவமும் இருக்கின்றன. ஏறியதும் சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

ஹெலிகாப்டர் கேட்டவருக்கு: ராபின்சன் ஆர்44-இல் 172 போலவே சைலன்சர் உறை. ஆர்66 டர்பைன், அதில் கம்ப்ரசர் காற்று.

டிசம்பர் 16, காலை 8.00

கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் காக்கும் சூடு) பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதுவும் இதே குடும்பம்தான். புகைக்குழாயின் மேல் இன்னொரு உறை, அந்தச் சூடான காற்று கேபினுக்குப் பதில் கார்புரேட்டருக்குப் போகிறது. 1990-களின் கடைசியிலிருந்து வந்த 172-களில் எரிபொருள் இன்ஜெக்‌ஷன், அதனால் அந்தக் குமிழே இல்லை. தம்பி, உன் விமானத்தில் இல்லையென்றால் தேடாதே.

டிசம்பர் 20, இரவு 11.45

கருவி பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. 2019 ஜனவரி 21 இரவு, பிரான்சின் நான்ட்டிலிருந்து வேல்ஸின் கார்டிஃபுக்குக் கிளம்பிய பைப்பர் மாலிபு விமானம் ஒன்று கேர்ன்சி தீவு அருகே கடலில் விழுந்தது. அதில் இருந்தவர் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா. அவர் ரத்தத்தில் 58 விழுக்காடு மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின். பைலட்டும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருப்பார் என்றுதான் பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவான ஏஏஐபி-இன் 2020 அறிக்கை சொல்கிறது. ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி எதுவும் விமானத்தில் இல்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. அறிக்கையை முழுதாகப் படித்தேன். பைலட்டின் உரிமம், இரவு, வானிலை என்று பல காரணங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன, எல்லாம் முக்கியம்தான், ஆனால் எனக்கு அந்த 58-ஐத் தாண்டிப் போக முடியவில்லை.

என்டிஎஸ்பி கணக்கு: 1982 முதல் 2020 வரை மோனாக்சைடால் நடந்ததாக அடையாளம் கண்ட விபத்துகள் 31. அதில் 23-இல் உயிரிழப்பு, மொத்தம் 42 பேர். அந்த 31 விமானங்களில் கண்டறியும் கருவி இருந்தது ஒன்றே ஒன்றில்.

நேரெதிராக, 2017-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மூனி விமானம். தனியாகப் பறந்தவர் மயங்கிவிட்டார், ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டே போய், பெட்ரோல் தீர்ந்து, விமானம் தானாக ஒரு வயலில் இறங்கியது. ஆள் பிழைத்தார். சைலன்சரில் விரிசல். இப்படி எல்லாருக்கும் அமையாது.

இப்போது கருவி. காசு விலைக்குக் கிடைக்கும் ஒட்டும் அட்டை, நடுவில் பொட்டு கறுத்தால் ஆபத்து என்பது: எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திறந்ததிலிருந்து சில மாதத்தில் அதன் ஆயுள் முடிகிறது, கண்ணாடி துடைக்கும் ரசாயனம் பட்டால் கெடுகிறது, இரவில் நிறம் தெரியாது, முக்கியமாக அது கூப்பிடாது. நீதான் பார்க்க வேண்டும், மங்கிய மூளையோடு. வீட்டுக்கு வாங்கும் அலாரம் இதைவிட மேல், ஆனால் அமெரிக்கத் தரப்படி காற்றில் 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தால்கூட ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை எடுத்துக்கொண்டுதான் கத்தும். சிறு விமானச் சான்றளிப்பில் கேபினுக்கு வைத்திருந்த எல்லையே 20,000-இல் ஒரு பங்கு, அதாவது 50 பிபிஎம். ஆகவே எண்ணைக் காட்டுகிற, குறைந்த அளவிலேயே ஒலிக்கிற, விமானத்துக்கென்று செய்த மின்னணுக் கருவியை வாங்கு. பேனலில் கண்ணுக்கு எதிரே வை, பையில் இல்லை.

அது கத்தினால்: ஹீட்டை மூடு, எல்லாக் காற்று வழியையும் திற. 172-இல் தலைக்கு மேலே இருக்கும் வென்ட் இறக்கையின் முன் ஓரத்திலிருந்து காற்றை எடுக்கிறது, இன்ஜினோடு அதற்குத் தொடர்பு இல்லை, அதுதான் முதலில். ஆக்சிஜன் இருந்தால் போட்டுக்கொள். மிக்சரை லீன் செய். கண்ட்ரோலரிடம் என்ன நடக்கிறது என்று அப்போதே சொல்லிவிடு, பத்து நிமிடம் கழித்து உனக்குப் பேச்சு குழறலாம். இறங்கு.

டிசம்பர் 21, காலை 7.30

அந்த வென்ட் விஷயத்தை இன்னொரு இடத்திலும் பார்த்திருப்பாய். 172-இன் இன்ஜின் தீ செக்லிஸ்டில் கேபின் ஹீட், கேபின் ஏர் இரண்டையும் மூடு, மேல் வென்ட்டுகளை மட்டும் மூடாதே என்று வரும். மனப்பாடமாகச் சொல்கிறார்கள், காரணம் கேட்டால் விழிக்கிறார்கள். ஹீட் குமிழை இழுத்து வைத்திருந்தால் ஃபயர்வாலில் நீயே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறாய். அந்த வால்வு முழுதாக மூடுகிறதா என்று தரையில் பார்த்துக்கொள். கேபிள் நீண்டு, குமிழ் உள்ளே போயும் வால்வு ஒரு விரற்கடை திறந்தே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கோடையில் "கால் ஏன் சுடுகிறது" என்று கேட்ட ஒரு மாணவரால்தான் அது வெளியே வந்தது.

கேள்வி, டிசம்பர் 27

அண்ணே, கருவி வாங்கிவிட்டேன். டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டிப் போகும்போது) 22 பிபிஎம் காட்டியது, பயந்துவிட்டேன். மேலே போனதும் 0. கருவி கோளாறா, சைலன்சர் கோளாறா?

டிசம்பர் 27, இரவு 9.15

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். காற்று பின்னாலிருந்து வீசும்போது டாக்ஸி செய்தால் உன் புகை உன் மேலேயே வரும். முன்னால் இன்னொரு விமானம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் புகை. அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாயா? வந்து போகிற எண் என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். பறக்கும்போது ஏறி, இறங்காமல் நிற்கிற எண்தான் வேண்டாதது.

ஆனாலும் அப்படியே விடாதே. அடுத்த முறை ஒரு தாளில் எழுது: ஓடுபாதைக்குப் போகும்போது காற்று எந்தப் பக்கம், எண் என்ன, ஏறும்போது ஹீட் மூடியிருந்தால் என்ன, திறந்ததும் என்ன, நேராகப் பறக்கும்போது லீன் செய்த பிறகு என்ன, இறங்கும்போது என்ன. ஹீட்டைத் திறந்ததும் ஏறினால் உறைக்கு அடியில் தேடுவார்கள். ஹீட் மூடியும் ஏறினால் கதவு ரப்பரும் ஃபயர்வால் துளைகளும். அந்தத் தாளோடு போனால் மெக்கானிக் உறையைக் கழற்ற ஒத்துக்கொள்வார். "ஏதோ தலை வலிக்கிற மாதிரி இருந்தது" என்று போனால் டார்ச் அடித்துவிட்டு அனுப்பிவிடுவார்.